ஆப்பிரிக்க வனக்கீரி: மண்டையோட்டை நம்புவதா, வரைபடத்தை நம்புவதா?

மேற்கு, மத்திய ஆப்பிரிக்க மழைக்காடுகளில் சருகைக் கிளறித் திரியும் குசிமான்சே கீரிகளில் நான்கு இனங்கள் உண்டு. நீண்ட மூக்கு, முரட்டு மயிர், கூட்டமாக இரை தேடும் பழக்கம் என்று நான்குக்கும் ஒரே சாயல். தோலின் நிறத்தை வைத்துப் பிரிப்பது கடினம். எந்தக் காட்டில் பிடிபட்டது என்று கேட்கலாம். இல்லாவிட்டால் மண்டையோட்டை அளக்கலாம்.

காங்கோ ஆற்றுப் பக்கம் வரைபடமே போதும். ஆற்றுக்கு வடக்கே அலெக்சாண்டர் குசிமான்சே, தெற்கே அங்கோலா குசிமான்சே. அவ்வளவு அகலமான ஆற்றைக் கீரி தாண்டுவதில்லை. போதாக்குறைக்கு, முன்னதுதான் நான்கிலும் பெரியது, பின்னது சிறியது.

சிக்கல் மேற்கில்தான். சியரா லியோன் முதல் கானா வரை இருப்பது சாதாரண குசிமான்சே. நைஜீரியா, கேமரூன் காடுகளில் இருப்பது தட்டைத்தலை குசிமான்சே. இடையில் டோகோ, பெனின் வழியாகப் புல்வெளி கடற்கரை வரை இறங்கி மழைக்காட்டை இரண்டாக அறுக்கிறது. டஹோமி இடைவெளி என்பது இதுதான். 1984இல் விலங்கியலாளர் கோல்ட்மன் மண்டையோடுகளை ஒப்பிட்டுக் கிழக்குப் பக்கத்துக் கீரியைத் தனி இனமாக அறிவித்தார். அதைத் துணையினம் என்று மட்டும் கொண்டவர்களும் உண்டு. அவர்கள் தயங்கியதில் நியாயம் இருக்கிறது: தட்டை என்பது அளவில் கூடிக் குறையும் பண்பு, வயதுக்கேற்ப மண்டையோட்டின் வடிவமும் மாறும். கிடைத்த இடம் தெரியாத ஒற்றை மண்டையோட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். இங்கே என் வாக்கு வரைபடத்துக்கே.

இந்த நான்கில் சேராத, ஆனால் அவற்றைப் போன்ற லைபீரியக் கீரியிடம் அதே வரைபடம் பயனற்றுப்போகிறது. லைபீரியா, ஐவரி கோஸ்ட் காடுகளில் அது சாதாரண குசிமான்சேயுடனேயே வாழ்கிறது. 1958இல் விலங்கியலாளர் ஹேமன் அதற்குப் பெயரிட்டபோது அவரிடம் இருந்தவை வெறும் மண்டையோடுகள். முழு உடல் அறிவியலாளர்களுக்குக் கிடைத்தது 1974இல்தான். ஆனாலும் அவர் பிழைபடவில்லை. மண்டையோடு நீளம், பற்கள் அதற்குப் பொருந்தாத அளவுக்குச் சிறியவை; மண்புழுவைத் தேடித் தின்னும் விலங்குக்கு அதற்குமேல் தேவையுமில்லை. எல்லாவற்றையும்விட, மேலும் கீழும் இருபுறமும் ஒவ்வொரு முன்கடைவாய்ப்பல் கூடுதல்: குசிமான்சேக்கு 36 பற்கள், இதற்கு 40. தட்டை, குவிவு என்று விவாதிக்கலாம். பல்லை எண்ணிவிட்டால் பேச்சுக்கு இடமில்லை.