ரீஹேப் ரெசிடென்சிக்கு "ரெப்யூட்டேஷன் ரிப்போர்ட்" விக்கிறவங்ககிட்ட போயிடாதீங்க, எனக்கு 2,400 டாலர் போச்சு

அமெரிக்கால பிஎம்ஆர், அதாவது ரீஹேபிலிடேஷன் மெடிசின் (அடிபட்டோ பக்கவாதம் வந்தோ முடங்கினவங்கள திரும்ப நடமாட வைக்கிற மருத்துவம்) ரெசிடென்சிக்கு, ஸ்பெஷலிஸ்ட் ட்ரெய்னிங்குக்கு, அப்ளை பண்ற நம்ம ஆளுங்க யாராவது இருந்தா தயவுசெஞ்சு இத முழுசா படிங்க. 2,400 டாலர். ரெண்டாயிரத்து நானூறு. அதக் கட்டி நான் வாங்கினது நெட்ல சும்மா கெடைக்கிற ஒரு லிஸ்ட்டோட பழைய காப்பி. அப்ளிகேஷன் போன வாரம் போயிடுச்சு, இப்ப எதையும் மாத்த முடியாது, அந்த வயித்தெரிச்சல்லதான் டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

கம்பெனி பேர் போடல, கார்டு கம்பெனில டிஸ்ப்யூட் போட்டிருக்கேன், அது முடியற வரைக்கும் வாயத் திறக்க வேணாம்னு சொல்லிருக்காங்க. ஐஎம்ஜிகளுக்கு, அதாவது அமெரிக்காவுக்கு வெளிய படிச்ச டாக்டர்ங்களுக்கு, மேட்ச் (ரெசிடென்சி சீட் ஒதுக்கற முறை) கன்சல்டிங்னு ஆன்லைன்ல நடத்துறாங்க இல்ல, அந்த வகை. வெள்ளக்கோட்டு போட்டு சிரிக்கிற ஃபோட்டோ, எங்க ஸ்டூடன்ட்ஸ் மேட்ச் ஆன எடம்னு ஹாஸ்பிடல் லோகோ வரிசையா, ஓரத்துல ஒரு வாட்ஸாப் பட்டன். இப்படி ஊர்ப்பட்ட சைட் இருக்கு, எல்லாமே ஒரே அச்சு.

பிஎம்ஆர் சின்ன ஸ்பெஷாலிட்டி. இன்டர்னல் மெடிசின்னா எந்த ப்ரோக்ராம் எப்படின்னு கேக்க காலேஜ் சீனியர்ஸ் வரிசைல நிப்பாங்க, ரீஹேப்ல நம்ம காலேஜ்லேந்து போனவங்க ஒருத்தர் கெடைச்சாலே பெரிய விஷயம். பெரிய பேரெல்லாம் எல்லாருக்கும் தெரியும், சிகாகோல ஷெர்லி ரையன், நியூஜெர்சில கெஸ்லர், பாஸ்டன்ல ஸ்பால்டிங், ஹூஸ்டன்ல டிஐஆர்ஆர், மேயோ, சியாட்டில்ல யுனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன். அதுக்குக் கீழ? நடுவுல இருக்கிற ப்ரோக்ராம்ல எது நெஜமா சொல்லிக் குடுக்குது, எது ரெசிடென்ட்ட டிஸ்சார்ஜ் சம்மரி எழுத மட்டும் வெச்சிருக்குன்னு எங்க போய்த் தெரிஞ்சுக்கறது? என்ன மாதிரி விசா வேண்டிய ஆளுக்கு அந்த நடு லிஸ்ட்தான் உயிரு. அந்த எடம் பாத்துத்தான் இவங்க கடை விரிச்சிருக்காங்க.

முதல் கால் ஃப்ரீ. பேசினவர் தமிழ்ல பேசினார், அதுவும் நான் கேக்காமயே. "தங்கச்சி மாதிரி நெனச்சு சொல்றேன்மா, நானும் உன்ன மாதிரி பொட்டியத் தூக்கிட்டு வந்தவன்தான், இங்க யாரும் உண்மையச் சொல்ல மாட்டாங்க." என் ஸ்டெப் 2 (அமெரிக்க லைசென்ஸ் எக்ஸாம்) ஸ்கோர் கேட்டார், கிராஜுவேஷன் வருஷம் கேட்டார், விசா கேட்டார், எதுல இன்ட்ரஸ்ட்னு கேட்டார். ஸ்பைனல் கார்டு இஞ்சுரி, தண்டுவடத்துல அடிபடறதுன்னு சொன்னேன். "அப்படியா, அப்ப உனக்கு ஜெனரல் லிஸ்ட் சரிப்படாதும்மா, தனியா தயார் பண்ணித் தரச் சொல்றேன், ஒவ்வொரு ப்ரோக்ராம்லயும் உள்ள நமக்கு ரெசிடென்ட் இருக்காங்க, உள்ள நடக்கறது அப்படியே வரும்"னு சொன்னார். வெல எவ்ளோன்னு அவரா சொல்லவே இல்ல, நான் கேட்டப்பறம்தான் கொஞ்சம் தயங்கின மாதிரி 2,400ன்னார், அண்ணா கொறைக்க முடியுமான்னேன், "உனக்காக ஒரு மாக் இன்டர்வியூ ஃப்ரீயா போடச் சொல்றேன்மா." பாத்துக்கோங்க, வெலய ஒரு டாலர் கூடக் கொறைக்கல, ஆனா போன வெக்கிறப்ப தேங்க்ஸ் சொன்னது நான்.

பணம் போன அன்னிக்கு ராத்திரியே "வெல்கம் டு த ஃபேமிலி"ன்னு மெயில். அதுக்கப்பறம் ரிப்போர்ட் வர்றதுக்குள்ள செப்டம்பர் பாதி ஓடிடுச்சு. ஈராஸ்ல (ரெசிடென்சிக்கு அப்ளை பண்ற ஆன்லைன் சைட்) அப்ளிகேஷன் சப்மிட் பண்ற நேரம், சிக்னல் (எனக்கு உங்க ப்ரோக்ராம்தான் ரொம்ப வேணும்னு எண்ணி சில எடத்துக்கு மட்டும் காட்டறது) யாருக்குப் போடறதுன்னு முடிவு பண்ற நேரம், அந்த அவசரத்துல வந்து விழுது பிடிஎஃப். அழகா கலர் கலரா தரம் பிரிச்சு டயர் 1, டயர் 2, டயர் 3. அத வெச்சு அப்ளையும் பண்ணியாச்சு, சிக்னலும் போட்டாச்சு. எல்லாம் போனப்பறம் நிதானமா ஒக்காந்து ஒவ்வொரு வரியா சரி பாத்தா...

டயர் 1ல ஷெர்லி ரையன் எபிலிட்டிலேப்னு ஒண்ணு. நாலஞ்சு வரி தள்ளி ரீஹேபிலிடேஷன் இன்ஸ்டிடியூட் ஆஃப் சிகாகோன்னு இன்னொண்ணு. ரெண்டும் ஒரே எடம்! 2017ல புது பில்டிங் மாறினப்ப பேர மாத்தினாங்க, பிஎம்ஆர் பக்கம் தலவெச்சுப் படுத்தவனுக்குக்கூட இது தெரியும். ஒரே ப்ரோக்ராமுக்கு ரெண்டு ரேங்க், ரெண்டு விதமான "இன்சைடர் கமென்ட்" வேற, ஒண்ணுல ரெசிடென்ட்ஸ் ஹேப்பியாம், இன்னொண்ணுல வொர்க்லோட் ஜாஸ்தியாம். உள்ள யாரக் கேட்டாங்க இவங்க, பில்டிங்கயா?

அடுத்து டயர் 1லயே கொலராடோ க்ரேக் ஹாஸ்பிடல். ஸ்பைனல் கார்டுக்கும் ப்ரெய்ன் இஞ்சுரிக்கும் பெரிய பேரான எடம், சந்தேகமே இல்ல. ஆனா அதுக்குன்னு தனி பிஎம்ஆர் ரெசிடென்சி கெடையாது, யுனிவர்சிட்டி ஆஃப் கொலராடோ ரெசிடென்ட்ஸ்தான் அங்க ரொட்டேஷன் போறாங்க. அதாவது யுஎஸ் நியூஸ் பத்திரிகை போடற ஹாஸ்பிடல் ரேங்க் லிஸ்ட்ட எடுத்து ரெசிடென்சி லிஸ்ட்டுன்னு ஒட்டிருக்காங்க. ரெண்டும் வேற வேற சமாச்சாரம். அந்த ஹாஸ்பிடல் ரேங்க்கே ரீஹேப்புக்கு ரொம்ப வருஷம் டாக்டர்ங்க கிட்ட ஓட்டு வாங்கி மட்டும் போட்டதுதான், அங்க ரெசிடென்ட்டுக்கு யார் எப்படி சொல்லித் தராங்கன்னு அதுல ஒரு துளி இருக்காது.

மிச்ச வரிசை டாக்ஸிமிட்டி (அமெரிக்க டாக்டர்ங்களோட நெட்வொர்க் சைட்) ரெப்யூட்டேஷன் லிஸ்ட், பழைய வருஷத்துது. அது எப்படி வருதுன்னு பாருங்க, டாக்டர்ங்க கிட்ட நல்ல ப்ரோக்ராம் எதெதுன்னு அஞ்சு வரைக்கும் பேர் கேப்பாங்க, அத வெச்சுதான் வரிசை. பழைய ஸ்டூடன்ட்ஸ் நாடு பூரா இருக்கிற பெரிய எடங்க தானா மேல வரும், புதுசா ஆரம்பிச்சு நல்லா நடத்துற சின்ன ப்ரோக்ராம யாருக்கும் ஞாபகம் வராது. சும்மா பாத்துக்கறதுக்கு ஓகே. அத 2,400 டாலருக்கு விக்கிறது திருட்டு.

இன்னும் கேளுங்க. லிஸ்ட்ல சிலது ஜே-1 விசா (ட்ரெய்னிங்குக்கு வர்ற வெளிநாட்டு டாக்டர்ங்க வாங்கறது) ஆளுங்களக்கூட எடுக்காத ப்ரோக்ராம், அவங்க வெப்சைட்லயே எழுதிருக்கு. என் விசா அவர் முதல் கால்லயே கேட்டு எழுதிக்கிட்டார். கேட்டகாரிக்கல் (முதல் வருஷமும் சேத்தே குடுக்கிற சீட்) எது அட்வான்ஸ்ட் எதுன்னு ஒரு கட்டம்கூட இல்ல. பிஎம்ஆர் மொத்தம் நாலு வருஷம், அட்வான்ஸ்ட் சீட்னா ரெண்டாவது வருஷத்துலேந்துதான் ரீஹேப், முதல் வருஷத்துக்கு ப்ரிலிமினரியோ ட்ரான்சிஷனல் இயரோ நாமதான் தனியா அப்ளை பண்ணி வாங்கணும். இதச் சொல்லாம ஒரு லிஸ்ட் குடுக்கிறது எந்த ஊர் நியாயம்? இதெல்லாத்துக்கும் மேல, "சேஃப் சாய்ஸ், ஐஎம்ஜி ஃப்ரெண்ட்லி"ன்னு பச்சை கலர் அடிச்ச ஒரு ப்ரோக்ராம ஏசிஜிஎம்இ (ரெசிடென்சி ப்ரோக்ராமுக்கு அங்கீகாரம் குடுக்கிற அமைப்பு) சைட்ல தேடினா அக்ரெடிடேஷன் பக்கத்துல "வித் வார்னிங்"னு நிக்குது. யார் வேணா பாக்கலாம், லாகின்கூட வேணாம். நான் சிக்னல் போட்டதுல அதுவும் ஒண்ணு.

ஸ்பைனல் கார்டு இன்ட்ரஸ்ட்டுன்னு தனியா தயார் பண்றோம்னாங்களே, ஸ்பைனல் கார்டு இஞ்சுரி மாடல் சிஸ்டம் சென்டர் எங்க இருக்குன்னு ஒரு வரி இல்ல. ஸ்பைனல் கார்டு சிகிச்சை, ஆராய்ச்சிக்குன்னே 1970லேந்து ஃபெடரல் பணத்துல நடக்குது அது, ஸ்பைனல் கார்டு ஆர்வம்னு ஒருத்தி சொன்னா மொதல்ல தேட வேண்டியதே அதுதான். அதுக்குப் பதிலா "ஃப்யூச்சர் நியூராலஜிஸ்ட்டுக்கு அருமையான ஸ்ட்ரோக் வால்யூம்"னு ஒரு லைன். வேற எவனுக்கோ பண்ணின ரிப்போர்ட், தலைப்புல மட்டும் என் பேரு.

அந்த "உள்ள இருக்கிற ரெசிடென்ட்" கதையும் சொல்லணும். ஒருத்தர கால்ல பேச வெச்சாங்க, கேமரா ஆஃப், பேர் சொல்ல மாட்டாராம், பாலிசியாம். இன்பேஷன்ட் எத்தன மாசம்னு கேட்டா "வருஷத்துக்கு ரெண்டு மாசம் வரும், மிச்சமெல்லாம் க்ளினிக்"ன்னார். மூணு வருஷத்துக்கு ஆறு மாசம். ஏசிஜிஎம்இ ரூல்படி இன்பேஷன்ட் மட்டும் கொறஞ்சது பன்னெண்டு மாசம் பாக்கணும். இஎம்ஜி (நரம்பு, தசையோட மின்சாரத்தப் பாக்கற டெஸ்ட்) நீங்களே பண்ணுவீங்களான்னு கேட்டேன், "அதெல்லாம் டெக்னீஷியன் பாத்துப்பாங்க." நர்வ் கண்டக்‌ஷன வேணா டெக்னீஷியன் பண்ணலாம், ஊசி குத்தறது டாக்டர் வேல, ரீஹேப் ரெசிடென்ட் கத்துக்கறதுல முக்கியமானதே அதுதான். அப்பறம் நெஜமான ஒரு பிஎம்ஆர் ரெசிடென்ட்கிட்ட இத சொன்னப்ப அவங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்கு சிரிப்பு வரல.

சரி, கேக்கலாம்னு போனேன். மொதல்ல அந்த முதல் கால்ல பேசின அண்ணனுக்கு வாட்ஸாப். ப்ளூ டிக். திரும்ப போட்டேன், ப்ளூ டிக். போன் எடுக்கல. அப்பறம் சப்போர்ட்லேந்து ஒரு பொண்ணு, "சார் இன்டர்வியூ சீசன் பிஸில இருக்கார் மேம், குவாலிட்டி டீமுக்கு எஸ்கலேட் பண்ணிருக்கேன்." குவாலிட்டி டீம் மெயில்ல "டியர் கேண்டிடேட்"ன்னு ஆரம்பிக்குது, தங்கச்சி எங்க போனா? "ரேங்கிங் என்பது கருத்து சார்ந்தது, கருத்து வேறுபடலாம்"னு பதில். சிகாகோ ஹாஸ்பிடல் ஒண்ணா ரெண்டாங்கறது கருத்தா? அத அப்படியே திருப்பி எழுதினேன். அதுக்கு டிஜிட்டல் ப்ராடக்ட் டெலிவர் ஆயிடுச்சு, ரிஃபண்ட் பாலிசில வராதுன்னாங்க, கூடவே இன்டர்வியூ கோச்சிங் பேக்கேஜ்ல எனக்கு ஸ்பெஷல் டிஸ்கவுண்ட்டாம். 2,400 முழுங்கிட்டு மறுபடி கல்லாவத் திறந்து வெச்சுட்டு நிக்கிறாங்க! ஃப்ரீ மாக் இன்டர்வியூ என்னாச்சுன்னு கேட்டதுக்கு அப்படி ஒரு ப்ராமிஸ் ரெக்கார்ட்ல இல்லையாம். கடைசியா நான் கொஞ்சம் காரமா ஒரு மெசேஜ் போட்டேன், அன்னிக்கு சாயங்காலமே அண்ணன் ப்ளாக் பண்ணிட்டார்.

2,400 டாலர் ஒரு பக்கம். அந்த லிஸ்ட்ட நம்பி விசா எடுக்காத எடத்துக்கெல்லாம் கட்டின ஈராஸ் ஃபீஸ் தனி, அதுவும் திரும்ப வராது. வீணாப் போன சிக்னலுக்கு யார்கிட்ட போய் டிஸ்ப்யூட் போடறது?

எப்படி ப்ரோக்ராம் செலக்ட் பண்றதுன்னு வெவரமா எழுதணும்னுதான் ஒக்காந்தேன், இப்ப முடியல, தல வலிக்குது. அவசரத்துக்கு இது மட்டும்: ரேங்க் லிஸ்ட்டுக்கு யாருக்கும் காசு குடுக்காதீங்க. ஏசிஜிஎம்இ சைட்ல அக்ரெடிடேஷன் ஸ்டேட்டஸ் மொதல்ல பாருங்க. விசாவ ப்ரோக்ராம் கோஆர்டினேட்டருக்கே மெயில் போட்டு எழுத்துல வாங்குங்க. கேட்டகாரிக்கலா அட்வான்ஸ்ட்டான்னு பாருங்க. ரெசிடென்ட் யாராவது பேசக் கெடைச்சா நல்ல ப்ரோக்ராமான்னு கேக்காதீங்க, போன வருஷம் முடிச்சவங்க எங்க போனாங்க, போர்டு எக்ஸாம்ல யாராவது ஃபெயில் ஆனாங்களா, இஎம்ஜி எத்தன பண்ணாங்க, நடுவுல யாராவது விட்டுட்டுப் போனாங்களான்னு கேளுங்க. "உள்ள ஆள் இருக்கு"ன்னு எவனாவது சொன்னா அப்பவே கட் பண்ணிடுங்க, தமிழ்ல சொன்னாலும்.

பேர் கேட்டு இன்பாக்ஸ்ல வராதீங்க, இப்ப சொல்ல மாட்டேன். கார்டு கம்பெனிக்கு அனுப்ப ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன், பணம் வந்தாலும் வராட்டியும் அது முடிஞ்ச அன்னிக்கு பேரோட போடுறேன்.