காஃப் ஸ்லீவ்: ஃபேஷியாட்டமிக்குப் பிறகு வாங்கலாமா?

ஓடினால் ஆடுசதை கல்லாக இறுகும், நின்றால் அடங்கிவிடும். நாள்பட்ட கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்கிற இந்த நோய்க்காக ஃபேஷியாட்டமி (தசையைச் சுற்றிய சவ்வைக் கீறித் திறக்கும் அறுவை) செய்துகொண்டவர்களில் பலர், வலி மறுபடி தலைகாட்டியதும் வாங்குவது காஃப் கம்ப்ரஷன் ஸ்லீவ், அதாவது ஆடுசதையை இறுக்கிப் பிடிக்கும் பாதமில்லாத உறை. 15–20, 20–30 மி.மீ. பாதரசம் என்ற அழுத்த அளவுகளில் பரவலாகக் கிடைக்கிறது. ஓடும்போது போட்டுக்கொள்ளச் சொல்லித்தான் விற்கிறார்கள். இந்த வலிக்கு அது தலைகீழ் யோசனை.

முழங்காலுக்குக் கீழே தசைகள் நான்கு அறைகளில் அடைந்து கிடக்கின்றன. ஓடும்போது தசை ரத்தமேறிப் பருக்கும். சுற்றியுள்ள ஃபேஷியா சவ்வு விட்டுக்கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறும். ஊசி வைத்து அளக்கும்போது, ஓடி முடித்த 1 நிமிடத்தில் 30 மி.மீ., 5 நிமிடத்தில் 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் என்பது வழக்கமான வரம்பு. சர்ஜன் சவ்வைக் கீறியதே இடம் உண்டாக்கத்தான். அதன்மேல் வெளியிலிருந்து 20 மி.மீ. இறுக்கிக்கொண்டு ஓடுவது, கீறிய இடத்தை மறுபடி தைத்து மூடுவது மாதிரி.

அப்படியானால் வீண் பொருளா? இல்லை. பயிற்சி முடிந்து, வலி முழுக்க அடங்கிய பிறகு வரும் வீக்கத்துக்கும், மணிக்கணக்கில் நின்று வேலை செய்யும் நாளுக்கும் நன்றாகவே உதவுகிறது. கீறல் வழியே தசை பிதுங்கித் தெரிகிறவர்களுக்கு 15–20 போதும். 20–30 டாக்டர் சொன்னால் மட்டும். ஆனால் பாதம் இல்லாத ஸ்லீவில் கணுக்காலுக்குக் கீழே நீர் தேங்கக்கூடும். பாதமும் வீங்குகிறவர்கள் முழங்கால் வரை வரும் ஸ்டாக்கிங்கே வாங்கட்டும்.

அளவில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. காலையில், வீக்கம் ஏறுவதற்கு முன், ஆடுசதை மிகப் பருத்த இடத்தில் நாடாவைச் சுற்றுங்கள். இரண்டு காலையும் தனித்தனியாக அளக்க வேண்டும். அறுவை செய்த கால் இளைத்திருக்கலாம். மேல் விளிம்பு முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கட்டும். நழுவுகிறது என்று விளிம்பை மடித்துவிட்டால் அங்கே அழுத்தம் இரட்டிப்பாகிக் கயிறு கட்டியதுபோல் ஆகிவிடும்.

வெளிக்கணுக்கால் எலும்புக்குச் சுமார் 10–12 செ.மீ. மேலே ஒரு நரம்பு சவ்வைத் துளைத்துத் தோலுக்கு அடியில் வருகிறது. கீறலும் தழும்பும் பெரும்பாலும் அதன் அருகிலேயே. ஸ்லீவின் தையலோ சுருக்கமோ அங்கே உட்கார்ந்தால் புறங்காலில் சுரீரென்று இழுக்கும், மரத்துப்போகும். தையலில்லாத நெசவாகப் பார்த்து வாங்குங்கள். கழற்றியும் மரப்பு போகாவிட்டால் கோளாறு ஸ்லீவில் இல்லை, நரம்பைப் பரிசோதிக்க வேண்டும்.

துவைக்கும்போது சாஃப்ட்னர், டிரையர் இரண்டும் வேண்டாம், எலாஸ்டிக் செத்துவிடும். சிரமமில்லாமல் மேலே ஏறத் தொடங்கினால் ஆயுள் முடிந்தது.

திரும்பி வந்த வலிக்கான காரணத்தை இது தொடாது. சவ்வு தழும்பாகி மூடியிருக்கலாம், ஆழமான பின்னறை சரியாகத் திறக்கப்படாமல் இருக்கலாம், முழங்கால் பின்னுள்ள தமனி நெருக்கப்படலாம். முன்னறை வலிக்கு, நிமிடத்துக்கு எடுத்து வைக்கும் அடிகளின் எண்ணிக்கையை 5–10 சதவீதம் கூட்டி, குதிகாலை ஊன்றாமல் ஓடிப் பழகுவது ஸ்லீவைவிடப் பயன் தரும். அதிலும் அவசரப்பட்டால் குதிநாண் நோகும்.

கால் தமனியில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ, ஓய்விலும் வலி ஏறிக்கொண்டே போய் விரலை அசைத்தாலே உயிர் போனாலோ, உடனே கழற்றிவிட்டு எமர்ஜென்சிக்குப் போங்கள்.