குருசடையா, காரங்காடா: பள்ளிச் சுற்றுலாவுக்கு எது?

ராமநாதபுரம் பக்கத்துப் பள்ளிகளில் கடலைக் காட்டும் சுற்றுலா என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர் குருசடை தீவு. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் உள்ள தீவுகளைச் சேர்த்து 1986-இல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் அதுவும் ஒன்று. பெயருக்குக் குறைவில்லை. ஆனால் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் என்றால் நான் காரங்காட்டுக்குத்தான் பேருந்து பிடிப்பேன். அது பூங்காவுக்குள் இல்லை. பாக் விரிகுடாப் பக்கம், தொண்டிக்கு அருகே.

குருசடையின் பெருமையெல்லாம் தண்ணீருக்கும் மணலுக்கும் அடியில் இருக்கிறது. விலங்கியல் பாடத்தில் படிக்கிறோமே பலனோகிளாசஸ், முதுகெலும்பில்லாதவற்றுக்கும் உள்ளவற்றுக்கும் இடையில் வைத்துப் பேசப்படும் புழு, அது இந்தத் தீவின் மணலில் புதைந்து வாழ்கிறது. தோண்டிப் பார்க்கக் கூடாது. வற்றிய கரையில் இடியாப்பம் பிழிந்த மாதிரி மணல் சுருள் கண்ணில் பட்டால் அது புழு வெளியே தள்ளியது. அதோடு திருப்திப்பட வேண்டியதுதான். பாடம் படித்துவிட்டு வரும் மேல்நிலை மாணவருக்கு அந்தச் சுருளே போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது வெறும் மணல்.

காரங்காட்டில் பாடம் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. அலையாத்திக் காட்டு ஓடைக்குள் படகில் போனால், சேற்றைக் குத்திக்கொண்டு விரல் விரலாக நிற்கும் மூச்சுவேர்களை யாரும் விளக்காமலே பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். அங்கே நிறைய இருப்பது வெண்கண்டல். வேரில் ஏறிய உப்பை இலை வழியாக வெளியேற்றும் மரம் அது. இலையை நாக்கால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், உப்புக் கரிக்கும். அப்புறம் கரும்பலகை எதற்கு?

சரி, எப்போது போவது? இதைக் காற்றுதான் முடிவு செய்யும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடித்தால் குருசடை இருக்கும் மன்னார் வளைகுடா, அதாவது தென்கடல், கொந்தளிக்கும், தண்ணீர் கலங்கும். குருசடையில் படகு ஓடினாலும் பவளப்பாறை தெரியாது. அப்போது வடகடலான பாக் விரிகுடா அமைதியாக இருக்கும், காரங்காட்டுக்குத் தோதான காலம். வாடை தொடங்கினால் கதை தலைகீழ், மழையும் சேர்ந்துகொள்ளும். ஜனவரி, பிப்ரவரி இரண்டுக்கும் நல்லது. ஆனால் அப்போது பிளஸ் டூ பிள்ளைகளைப் பொதுத்தேர்வுப் பயம் பிடித்திருக்கும், அனுப்ப மாட்டார்கள். பிளஸ் ஒன்னில் கூட்டிப்போவதே மேல்.

குருசடை என்று முடிவானால் மண்டபத்தையும் அதே நாளில் சேர்த்துவிடுங்கள். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் முன்பு அங்கேதான் இருந்தது. தலைமையகம் 1971-இல் கொச்சிக்குப் போனாலும் மண்டல மையமும் காட்சிக்கூடமும் இருக்கின்றன. குருசடைக்குப் படகு ஏறும் குந்துகாலில் படகு இல்லை என்று சொல்லிவிட்டாலும் நாள் வீணாகாது. தனுஷ்கோடி? 1964 புயலைச் சொல்ல நல்ல இடம், ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைகளில் அங்கே போகாதவர் யார்?

ஒரு விஷயத்தில் குருசடைப் பக்கம்தான் ஜெயிக்கும். பாம்பன், சின்னப்பாலம் பெண்கள் தலைமுறைகளாகத் தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுத்துப் பிழைத்தவர்கள். பூங்கா வந்தபின் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. முன்கூட்டியே கேட்டு, அவர்களில் சிலரோடு பிள்ளைகள் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்யுங்கள். வனத்துறை வழிகாட்டி சொல்வதும் அவர்கள் சொல்வதும் ஒத்துப்போகாது. பிள்ளைகள் இரண்டையும் கேட்கட்டும்.