வடலூர் தருமச்சாலை: யாரென்று கேட்காத பந்தி

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் வழியில் உள்ள வடலூரில், 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய 21 அடி நீள அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. விலைப்பட்டியலும் கல்லாவும் இல்லாத சத்திய தருமச்சாலையில் நாள்தோறும் மூன்று வேளை சோறு போடுகிறார்கள். நான் போன நண்பகலில் சோறு, சாம்பார், பொரியல், மோர் ஆகியவற்றோடு, இரண்டாம் முறை கேட்டு வாங்கத் தூண்டிய மிளகு ரசமும் இருந்தது. காலையில் நெய்வேலியில் வயிறு நிறையப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு வந்தவன் நான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பரிமாறியவர் "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா?" என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

இந்தக் கேளாமையின் பின்னால் ஒரு பழைய விவாதம் இருக்கிறது. பசி முன்வினையின் பயன் என்று நம்புகிறவர், பசித்தவனுக்குச் சோறிடுவது கடவுளின் தண்டனையில் குறுக்கிடுவதாகாதா என்று கேட்கக்கூடும். வினைக்கொள்கையை வள்ளலார் மறுக்கவில்லை. கொடிய குற்றவாளியைச் சிறையில் அடைக்கும் அரசனும் சேவகரைக் கொண்டு அவனுக்கு உணவு கொடுக்கச் செய்கிறான் அல்லவா என்று ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற தம் நூலில் விடை சொல்கிறார். கையை மடக்கிக்கொள்ளக் காரணமாகியிருக்கக்கூடிய அதே நம்பிக்கைக்குள் நின்றுகொண்டே, சாதி, சமயம், தேசம், செய்கை எதையும் விசாரியாமல் பசியாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுகிறார். எல்லா உயிரும் ஒரே இயற்கை உண்மையின் ஏகதேசங்கள், அதாவது சிறு கூறுகள், ஆகவே சகோதரர்கள் என்பது அவருடைய அடிப்படை. பிறர் பசி கண்டு உருகுவது அதனால் அவருக்குச் சகோதர உரிமையாகிறது. ஆயினும், இன்று பசித்திருப்பவர்கள் முற்பிறவியில் கருணையற்றிருந்தவர்கள் என்று அவர் சொல்லும் பகுதி எனக்கு இன்னும் உறுத்துகிறது. இலையின் முன் உட்கார்ந்திருந்த முதியவளைப் பார்த்தபோது அதை ஏற்க மனம் வரவில்லை. வள்ளலாரின் வினைக்கொள்கையைவிட அவருடைய அடுப்பே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தைப்பூசத்தன்று கூட்டம் நெருக்கும். பந்தியை நிதானமாகப் பார்க்க விரும்புவோர் சாதாரண நாளில் போகலாம். சற்றுத் தொலைவில் இருக்கும், வள்ளலார் நிறுவிய வழிபாட்டிடமான சத்திய ஞான சபையின் விதி வேறு: கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே போகலாம். மீன் சாப்பிடுகிற நான், தருமச்சாலையில் உண்ட சோறு செரிக்க, சபைக்கு வெளியே சிறிது நேரம் நின்றுவிட்டுப் பேருந்து ஏறினேன்.