‘வெஜிடேரியன்’ ஸ்டிக்கரை நம்பி கிறிஸ்துமஸ் சீஸ் பெட்டி வாங்காதீர்கள்

இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். கிறிஸ்துமஸுக்கு ஆன்லைனில் சீஸ் பெட்டி வாங்கும் யோசனை இருந்தால், அதிலும் வீட்டில் சுத்த சைவம் சாப்பிடுகிறவர்கள் இருந்தால், இதை முழுசாகப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். போன டிசம்பரில் எங்களுக்கு நடந்தது இது. புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

விளம்பரம் இப்படி இருந்தது: ஐந்து வகை சீஸ், 1.2 கிலோ, கூடவே ‘வீட்டில் செய்த’ ஆப்பிள் சட்னி, வெங்காய மார்மலேட், கையால் தட்டிச் சுட்ட ஓட்கேக் (ஓட்ஸ் பிஸ்கட்). அத்தனையும் வெஜிடேரியன். விலை 85 பவுண்டு. அப்போது ஊரிலிருந்து மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். அத்தை முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொட மாட்டார். அதனால் ஆர்டர் போடும் முன்பே கடைக்கு மெயில் அனுப்பி, எந்த சீஸிலாவது விலங்கு ரென்னட் இருக்கிறதா என்று கேட்டேன். “பெட்டியில் உள்ள எல்லாமே சைவர்களுக்கு ஏற்றது” என்று பதில் வந்தது. அந்த மெயில்தான் பிறகு கைகொடுத்தது.

ரென்னட் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். பனீருக்குப் பாலை எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுத் திரிக்கிறோம். பெரும்பாலான சீஸுக்கு அது போதாது, ரென்னட் என்ற நொதி வேண்டும். பழைய முறையில் அதைப் பால்குடி மறக்காத கன்றின் நாலாவது இரைப்பையிலிருந்து எடுப்பார்கள். இப்போது பூஞ்சையிலிருந்தும் நுண்ணுயிர்களை வைத்தும் தயாரிக்கிற ரென்னட் தாராளமாகக் கிடைக்கிறது. இங்கே சூப்பர்மார்க்கெட் செடார் பெரும்பாலும் அதில் செய்ததுதான். ஆனால் சில சீஸ்களுக்கு அந்த மாற்றுவழியே கிடையாது. பார்மீஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரில் விற்க வேண்டுமானால் கன்றின் ரென்னட்டில்தான் செய்ய வேண்டும், அது அந்தப் பெயருக்குரிய விதி. சுவிஸ் க்ருயேர், ரோக்ஃபோர் இரண்டும் விலங்கு ரென்னட்தான். “பாலில் செய்தது, அதனால் சைவம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பெட்டி 23-ம் தேதி சாயங்காலம் வந்தது. ஐஸ் பைகள் உருகித் தண்ணீராகி, அட்டை அடியில் நமுத்துப் போயிருந்தது. மேலே பச்சை நிறத்தில் பெரிய V ஸ்டிக்கர். பிரித்ததும் ஒரு துண்டுச் சீட்டு: இருப்பில் இல்லாத சில பொருட்களுக்குப் பதிலாக இணையான அல்லது உயர்ந்த தரத்தில் வேறு வைத்திருக்கிறார்களாம். என்ன வைத்தார்கள் என்று ஒரு வரி இல்லை.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ‘இத்தாலிய சைவக் கெட்டி சீஸ்’ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முக்கோணத் துண்டு. அதன் தோலில் புள்ளி புள்ளியாக எழுத்துகள், பாதி வெட்டுப்பட்டு ‘...ஜானோ ரெஜ்...’ என்று. அந்தப் புள்ளி முத்திரை பார்மீஜானோ ரெஜ்ஜானோவின் அடையாளம். உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில்: பால், உப்பு, ரென்னட். செடாருக்குப் பதில் க்ருயேர். ஸ்டில்டன் (நீலப் பூஞ்சை ஓடிய ஆங்கிலேய சீஸ்) என்று போட்டிருந்ததற்கு வெறும் ‘ப்ளூ சீஸ்’. ஸ்டில்டன் என்ற பெயருக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. டார்பிஷர், லெஸ்டர்ஷர், நாட்டிங்ஹாம்ஷர் ஆகிய மூன்று கவுண்டிகளில் செய்ததற்கு மட்டுமே அந்தப் பெயர். ப்ரீ என்ற மென்மையான சீஸைத் திறந்ததும் அமோனியா நெடி மூக்கில் ஏறியது. லேபிளில் இருந்த எடைகளைக் கூட்டினால் 690 கிராம். மீதி எடை சட்னி பாட்டில்களுடையது என்று பிறகு போனில் சொன்னார்கள்.

அந்தப் பாட்டில்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூடிக்குக் கட்டம் போட்ட துணி, சணல் கயிற்றில் முடிச்சு, கையெழுத்து மாதிரி அச்சடித்த லேபிள். குளிரில் வேர்த்திருந்ததால் லேபிளின் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. நகத்தால் மெதுவாக உரித்தேன். அடியில் இன்னொரு லேபிள்! ஏதோ தொழிற்சாலைச் சரக்கு. பெயர் இருந்த இடத்தை மட்டும் சுரண்டியிருந்தார்கள், சேர்மானப் பட்டியல் அப்படியே இருந்தது: மாற்றியமைத்த சோள மாவு, பொட்டாசியம் சார்பேட், நிறமி. பாட்டிலைச் சாய்த்தால் உள்ளே இருந்தது ஜெல்லி போல மொத்தமாக நகர்ந்தது. வீட்டில் கிளறிய சட்னி அப்படி நகரவே நகராது.

அத்தை தட்டில் ஒரு துண்டு எடுத்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. எழுபது வருஷமாகக் கடைப்பிடித்ததை யாரோ ஒருவர் ஸ்டிக்கர் ஒட்டிக் கெடுப்பதா?

போன் செய்தேன். “உணவுப் பொருள் திரும்ப எடுக்க மாட்டோம், மாற்றி அனுப்புவோம் என்று விதிமுறையில் இருக்கிறது” என்றார்கள். இந்தப் பதிலைக் கேட்டு நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். கெட்டுப்போகும் பொருளை மனம் மாறி ரத்து செய்ய முடியாது என்பது உண்மை. ஆனால் சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் கதையே வேறு. விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும் என்று 2015-ம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. கடைக்காரரின் விதிமுறை அதை மீற முடியாது. உணவைப் பொய்யாக விவரித்து விற்பது 1990-ம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பழைய மெயில், லேபிள் உரித்த படங்கள், தராசில் வைத்த படங்கள் எல்லாம் சேர்த்து வங்கியில் சார்ஜ்பேக் கேட்டேன், அதாவது கடையிடமிருந்து பணத்தை வங்கியே திருப்பி வாங்கித் தருவது. டெபிட் கார்டுக்கும் இது உண்டு, பொதுவாக 120 நாளுக்குள் கேட்க வேண்டும். 100 பவுண்டுக்கு மேல் விலை இருந்து, கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்கும் கடன் சட்டத்தின் செக்‌ஷன் 75 இன்னும் பலமானது. பணம் திரும்ப வந்துவிட்டது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பு வழியாக, வியாபார மோசடிகளை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்கும் புகார் போயிருக்கிறது.

“சீஸில் போய் யார் ஏமாற்றுவார்கள்?” என்று ஒரு தோழி கேட்டாள். 2024-ல் லண்டனின் பிரபல சீஸ் வியாபாரியான நீல்ஸ் யார்ட் டெய்ரியிடமே, பிரெஞ்சுக் கடைக்கு வாங்குகிற மொத்த வியாபாரி போல நடித்து, 22 டன் செடாரை அள்ளிக்கொண்டு போனார்கள். மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல் மதிப்பு. அனுபவசாலிகளுக்கே அந்த நிலை.

எங்கள் வீட்டு மேஜை அதற்காகக் காலியாக இல்லை. மறுநாள் காலை சூப்பர்மார்க்கெட்டில் V முத்திரையோடு முதிர்ந்த செடார், சைவ ரென்னட் என்று உறையிலேயே போட்டிருந்த ஸ்டில்டன், வென்ஸ்லிடேல் மூன்றும் வாங்கினேன். மூன்றும் சேர்ந்து பெட்டி விலையில் கால்பங்குகூட இல்லை. நவம்பரில் கிளறி வைத்திருந்த ஆப்பிள் சட்னி இருந்தது: ஒரு கிலோ பிராம்லி (சமையலுக்கான புளிப்பு) ஆப்பிள், அரைக் கிலோ வெங்காயம், 350 கிராம் பழுப்புச் சர்க்கரை, அரை லிட்டர் சைடர் வினிகர், ஒரு கை உலர்திராட்சை, இஞ்சி, கடுகு, உப்பு. சின்னத் தீயில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கரண்டியால் கோடு இழுத்தால் பாத்திரத்தின் அடி தெரிந்து, வினிகர் உடனே வந்து மூடாமல் நிற்கிற பதம். சுடச்சுடப் பாட்டிலில் அடைத்து ஒரு மாதமாவது விட வேண்டும், அப்போதுதான் வினிகரின் காரம் அடங்கும். ஓட்கேக்குக்கு ஓட்ஸ் மாவு, வெண்ணெய், உப்பு, வெந்நீர் போதும். அத்தை அதில் ஓமம் சேர்த்துத் தேய்த்துக் கொடுத்தார். ஸ்டில்டனோடு அந்த ஓம வாசனை அவ்வளவு பொருத்தம். சீஸை ஒரு மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைத்தோம்.

பெட்டிதான் வேண்டும் என்பவர்கள் ஒவ்வொரு சீஸின் முழுப் பெயரையும், பாட்டில்களைச் சேர்க்காத எடையையும், ரென்னட் விவரத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சொல்லாமல் மாற்றி அனுப்பக் கூடாது என்று ஆர்டர் குறிப்பிலேயே எழுதுங்கள். கர்ப்பிணிகள் இருந்தால் இன்னும் கவனம்: ப்ரீ, கமம்பேர் போன்ற வெள்ளைப் பூஞ்சைத் தோல் சீஸ்களை, பாஸ்சரைஸ் செய்ததாக இருந்தாலும், ஆவி பறக்கச் சூடாக்காமல் சாப்பிட வேண்டாம் என்று என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) சொல்கிறது; லிஸ்டீரியா என்ற கிருமி பயம்தான் காரணம்.

இந்த வருஷமும் அதே பெட்டி, அதே படம், அதே V ஸ்டிக்கரோடு விற்பனைக்கு வந்திருக்கிறது. இது மாதிரிப் பெட்டி உங்களுக்கு வந்திருந்தால் லேபிள்களைத் தூக்கிப் போடாதீர்கள். படம் எடுத்து எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள், என் புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.