‘அதே மாடல்தான் அக்கா’ என்று சொன்னால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் மட்டுமாவது முழுசாகப் படித்துவிடுங்கள். எங்களுக்கு நடந்தது ஆன்லைன் மோசடி இல்லை. பட்டப்பகலில், ஆள் நடமாட்டம் நிறைந்த இடத்தில், ரசீது போட்டுக் கொடுத்து, அதுவும் நம் தமிழிலேயே அக்கா அக்கா என்று பேசி நடந்தது.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரில். மகளுக்கு ஏப்ரலில் பாலிடெக்னிக் தொடங்குவதாக இருந்தது, டிசைன் படிப்பு. உட்லண்ட்ஸிலிருந்து பஸ், எம்ஆர்டி ரயில், மறுபடியும் பஸ். அதனால் எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதில் வீட்டில் சண்டை இல்லை. சண்டை விலையில்தான். 600, 700 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒன்று வாங்கினால் போதும், மூன்று வருஷத்தில் எப்படியும் தூக்கிப் போடுவாள் என்பது அவள் அப்பாவின் கட்சி. வாங்குவதே ஒருமுறை, 1,800 ஆனாலும் நல்லதாக வாங்கிவிடலாம் என்பது என் கட்சி. இந்த இரண்டுக்கும் நடுவில் 1,199 வெள்ளி என்று மஞ்சள் அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டு ஒன்று கண்ணில் பட்டால் என்ன ஆகும்? இரண்டு கட்சியும் உடனே கூட்டணி வைத்துக்கொள்ளும்.

அந்த அட்டையில் இருந்தது இதுதான்: 14 அங்குல ஓஎல்இடி திரை (நிறம் பளிச்சென்று தெரியும் வகை), ரைசன் 5 7000 சீரிஸ், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 1.2 கிலோ. மேசையில் வைத்திருந்ததை மகள் தூக்கிப் பார்த்தாள், நானும் பார்த்தேன். காகிதம் மாதிரி மெல்லிசு, திரையில் நிறம் அப்படி ஒரு பளிச். தோழிகளுக்கு அனுப்ப வேண்டும் என்று அட்டையோடு சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டாள். இந்தப் படத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறது.

விற்பனையாளர் நம்ம ஆள். “எந்த ஊர்க்கா நீங்க? நம்ம ஆளுங்கன்னா நானே மேனேஜர்கிட்ட பேசி பேக் ஃப்ரீயா வாங்கித் தரேன்” என்றார். கடைசிப் பெட்டி என்றார். டிஸ்ப்ளேவில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றுதானே என்று நான் கேட்டேன். “அதே மாடல்தான் அக்கா, ஒரு எழுத்துகூட மாறாது” என்றார். ரேம் 16 தானே என்று மகளும் கேட்டாள். தலையை ஆட்டினார். கிரெடிட் கார்டு என்றால் 3 விழுக்காடு கூடும், நெட்ஸில் (வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகும் அட்டை) கொடுங்கள் என்றார், கொடுத்தேன். அப்புறம் வந்தது அந்த நல்ல மனசு: “விண்டோஸ் செட்அப்புக்கு 59 வெள்ளி, உங்களுக்கு இன்னிக்கு இலவசமா பண்ணித் தர்றோம்.” பெட்டி பின்பக்கம் போனது. சற்று நேரத்தில் லேப்டாப் பையிலும், காலிப் பெட்டி ஒட்டுநாடா சுற்றிய பிளாஸ்டிக் உறைக்குள்ளும் வந்தன. கூடவே ‘3 ஆண்டு பாதுகாப்புத் திட்டம்’ ஒன்றையும் 149 வெள்ளிக்குத் தலையில் கட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து திறந்ததும் மகள் முகம் மாறிவிட்டது. திரை சாம்பல் பூசிய மாதிரி இருந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ரேம் 8 ஜிபி. பிராசசர் ரைசன் 5 7520யு. காலிப் பெட்டியின் உறையைக் கிழித்து அடியில் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தோம். ‘ஸ்லிம் 14’ என்ற பெயர் சாட்சாத் அதேதான். கீழே பொடி எழுத்தில் இருக்கிற நீள எண் மட்டும் வேறு. மேல் மூடி அலுமினியம், அடிப்பாகம் பிளாஸ்டிக், எடை 1.4 கிலோ. இதே எண்ணுள்ள கணினியை மற்ற இடங்களில் 700 வெள்ளிச் சொச்சத்துக்குப் போட்டிருந்தார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று விளக்க வேண்டும், ஏனென்றால் மொத்த விளையாட்டும் இந்த ‘7000 சீரிஸ்’ என்ற இரண்டு சொல்லில்தான் ஒளிந்திருக்கிறது. ரைசன் என்பது ஏஎம்டி நிறுவனத்தின் பிராசசர். அதன் எண்களில் முதல் இலக்கத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. 7000 வரிசைக்கு மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்று சொல்லும். 7520யு என்றால் மூன்றாவது இலக்கம் 2, அது 2019இல் வந்த ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு, வேலை செய்யும் கோர் நான்கே நான்கு. 7530யு என்றால் ஜென் 3, ஆறு கோர். 7640யு என்றால் ஜென் 4. மூன்றும் ‘ரைசன் 5’, மூன்றும் ‘7000 சீரிஸ்’. இந்தக் கணக்கை 2022லேயே ஏஎம்டி வெளிப்படையாகச் சொல்லிவிட்டது, ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. விலை அட்டையில் முழு எண்ணைப் போடாமல் ‘சீரிஸ்’ என்று நிறுத்திக்கொள்கிற கடைதான் சந்தேகத்துக்கு உரியது. இன்டெலிலும் இதே கதை உண்டு: கோர் அல்ட்ரா 5 125யு வேறு, கோர் 5 120யு வேறு. இந்த இரண்டில் ‘அல்ட்ரா’ என்ற சொல் இல்லாததன் உள்ளே இருப்பது முந்தைய தலைமுறை வடிவமைப்பு. விற்கிறவர் வாயில் மட்டும் இரண்டுமே “லேட்டஸ்ட் கோர் 5 அக்கா”.

ரேமை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். மெல்லிய லேப்டாப்களில் பெரும்பாலும் அதை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். வாங்கும்போது 8 என்றால் ஆயுசுக்கும் 8தான்.

சரி, கடைக்குத் திரும்பினோம். மறுநாளே போனோம். அந்த நம்ம ஆள் அன்றைக்கு லீவு, எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்னொருவர் வந்து வரிசையாகச் சொன்னார்: அது டிஸ்ப்ளே செட்டுக்கு வைத்த அட்டை, நீங்கள் வாங்கியது ப்ரோமோஷன் செட். விண்டோஸ் ஆக்டிவேட் ஆகிவிட்டது, திரும்ப வாங்க முடியாது. ரசீதில் பாருங்கள், ‘விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது’ என்று போட்டிருக்கிறது. திரை மங்கலாக இருப்பது பழுது இல்லை, அதன் தன்மையே அப்படித்தான். ரசீதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? ‘ஸ்லிம் 14, ரைசன் 5, 512’. அவ்வளவுதான். ரேமும் இல்லை, திரையும் இல்லை. இலவச செட்அப் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. சீல் அவர்கள் கையாலேயே உடைந்துவிடுகிறது, லேபிளைப் படிக்க நமக்கு நேரம் கிடைப்பதில்லை, பிறகு ‘திறந்த பொருள்’ என்று நம்மையே மடக்குகிறார்கள். ஆயுதமே அந்த இலவசம்தான்.

சிம் லிம் என்ற மின்னணுப் பொருள் கடைத்தொகுதி என்றால் நமக்கெல்லாம் 2014இல் வியட்நாம் சுற்றுப்பயணி ஒருவர் கைப்பேசிக் கடையில் மண்டியிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்ட வீடியோதான் நினைவுக்கு வரும். அந்தக் கடைக்காரர் அடுத்த ஆண்டே சிறைக்குப் போனார். எங்கள் விஷயம் நடந்தது சிம் லிம்மில் இல்லை, மிரட்டலும் இல்லை. எல்லாம் சிரித்த முகத்தோடுதான். கடையின் பெயரை நான் போடப் போவதில்லை. போட்டால் அந்த ஒரு கடையை மட்டும் தவிர்த்துவிட்டு அடுத்த கடையில் நிம்மதியாக ஏமாறுவீர்கள்.

இனி சட்டம். ‘நோ ரீஃபண்ட்’ என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம்மில் பலர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறோம். அப்படி இல்லை. 2012 செப்டம்பரிலிருந்து இங்கே லெமன் சட்டம் இருக்கிறது. அது உடைந்த பொருளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். சொன்ன விவரத்தோடு ஒத்துப்போகாத பொருளுக்கும் பொருந்தும். வாங்கிய 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது கொடுக்கும்போதே இருந்தது என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பாடு. பழுது பார்த்துத் தரலாம், மாற்றித் தரலாம், அது முடியாவிட்டால் விலையைக் குறைக்க வேண்டும் அல்லது பணத்தைத் தர வேண்டும். பெட்டியைத் திறந்துவிட்டோம் என்பதால் இந்த உரிமை போய்விடாது. அதனால் கடையில் போய் “ஸ்லோவா இருக்கு, திரை பிடிக்கலை” என்று பேசாதீர்கள். பிடிக்கவில்லை என்பதற்கு அவர்களிடம் பதில் தயாராக இருக்கும். “அட்டையில் 16, கொடுத்தது 8. அட்டையில் ஓஎல்இடி, கொடுத்தது வேறு” என்று மட்டும் பேசுங்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

பயனீட்டாளர் சங்கத்தில் கேட்டோம். முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள் என்றார்கள், கொடுத்தோம். 80 வெள்ளிக்கு வவுச்சர் தருவதாகப் பதில் வந்தது. என் கணவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே, மனிதர் சாதாரணமாகக் குரலே உயர்த்த மாட்டார். பிறகு ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிப்யூனலில் (சிறு தொகை வழக்குகளுக்கான நடுவர் மன்றம்) போட்டோம். சிங்பாஸ் என்ற அரசாங்க மின் அடையாளத்தை வைத்து ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். 5,000 வெள்ளி வரையான கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளிதான். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், 2 ஆண்டுக்குள் போட வேண்டும், இரண்டு பக்கமும் வக்கீல் வைக்க முடியாது. இந்தக் கடைசி விஷயம்தான் நமக்குப் பலம். கடைக்காரரும் நம்மைப் போலவே வந்து உட்கார்ந்து தானே பேசியாக வேண்டும்.

நாங்கள் சேர்த்தது மகள் எடுத்த அந்தப் படம், பெட்டி லேபிளின் படம், டாஸ்க் மேனேஜரின் படம், ரசீது. படத்தில் அட்டையும் விலையும் மாடல் பெயரும் தெளிவாகத் தெரிந்தன, ‘டிஸ்ப்ளே செட் மட்டும்’ என்று எங்கேயும் இல்லை. டிரிப்யூனலின் ரெஜிஸ்ட்ரார் முன்னால் அதே படத்தைக் காட்டியதும் கடைக்காரர் லேப்டாப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு 1,199 வெள்ளியைக் கொடுத்துவிடுகிறேன் என்றார். அந்த 149 வெள்ளித் திட்டத்துக்கு மட்டும் பாதிதான் வந்தது. இழுத்தடிக்க மனமில்லாமல் ஒப்புக்கொண்டோம். கல்லூரி தொடங்கிவிட்டது, பிள்ளை அதுவரை என் பழைய கணினியை வைத்துக்கொண்டு அல்லாடினாள்.

இவ்வளவுக்கும் பிறகு விலை குறைந்தது வாங்கலாமா, விலை கூடியது வாங்கலாமா என்று கேட்டால், இரண்டுமே சரிதான், நடுவில் நிற்கிற வேஷக்காரனைத்தான் வாங்கக் கூடாது என்பேன். 700 வெள்ளிக்கு 700 வெள்ளிப் பொருள் என்று சொல்லி விற்றால் அதில் என்ன தப்பு? கட்டுரை எழுதவும் ஸ்லைடு போடவும் பாடம் கேட்கவும் அது தாராளமாகப் போதும். 1.5 கிலோ இருக்கும், பிளாஸ்டிக் உடம்பாக இருக்கும், இருக்கட்டும். 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் சரி. ‘இஎம்எம்சி’ என்று போட்டிருந்தால் மட்டும் தொடாதீர்கள், அது எஸ்எஸ்டி இல்லை, அதைவிட மிகவும் மெதுவானது. விலை கூடியதில் காசு எங்கே போகிறது என்றால் பெரும்பாலும் திரைக்கும் பேட்டரிக்கும் கீல், கீபோர்டுக்கும்தான். மலிவான திரைகளுக்கு ‘45% என்டிஎஸ்சி, 250 நிட்ஸ்’ என்று விவரத்தில் இருக்கும், முதலாவது நிறங்களின் அளவு, இரண்டாவது வெளிச்சத்தின் அளவு. டிசைன் படிக்கிற பிள்ளைக்கு அது ஆகவே ஆகாது, சிவப்பு ஒரு மாதிரி ஆரஞ்சாகத் தெரியும். கணக்குப் படிக்கிற பிள்ளைக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. பேட்டரிக்கு ‘எத்தனை மணி நேரம்’ என்று கேட்காதீர்கள், அதன் கொள்ளளவு, அதாவது வாட்-அவர் எத்தனை என்று கேளுங்கள். 40ஐ ஒட்டி இருந்தால் சார்ஜரையும் சுமக்க வேண்டியிருக்கும், அப்புறம் எடை குறைவு என்று வாங்கியதற்கே அர்த்தமில்லை. யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகுமா என்று கைப்பேசி சார்ஜரைச் செருகியே பார்த்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள், அது சில லேப்டாப்பில் வேலை செய்யாது, 65 வாட் அடாப்டரோடு பாருங்கள்.

கடையில் செய்ய வேண்டியது: பணம் கொடுக்கும் முன் பெட்டி லேபிளை நீங்களே படியுங்கள், படம் எடுங்கள். முழு எண், ரேம், திரை மூன்றையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். செட்அப் வேண்டவே வேண்டாம், உங்கள் கண் முன்னால் சீலை உடைக்கட்டும், உடனே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிராசசர் பெயரையும் ரேமையும் பாருங்கள். சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு வாரண்டி எந்த நாட்டில், என்றைக்குத் தொடங்கியது என்றும் அங்கேயே பார்த்துவிடுங்கள். எக்ஸ்போர்ட் செட்டை, அதாவது வேறு நாட்டுக்கென்று வந்ததை, லோக்கல் செட் என்று தள்ளிவிடுகிற கதையும் உண்டு.

கடைசியில் மகளுக்கு வாங்கியது போன வருஷத்து உயர்ரக மாடல் ஒன்று, புது வரவுக்காக விலை குறைத்திருந்தார்கள், 1,350 வெள்ளி. அட்டையில் முழு எண் இருந்தது. ரசீதில் எழுதச் சொன்னேன், அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார். யாருக்காவது டிரிப்யூனல் படிவத்தில் என்ன எழுதுவது என்று குழப்பமாக இருந்தால் கீழே கேளுங்கள், நாங்கள் எழுதியதைப் பெயர்களை நீக்கிவிட்டு அனுப்புகிறேன்.