டிரான்சிஸ்டரை உடைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது

சொந்தமாக ஆம்ப்ளிஃபையர் கட்ட போர்டு வாங்கப் போகிறவர்கள், காசு கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது.

அப்பா டேப் ரெக்கார்டர் காலத்தில் வாங்கிய 8 அங்குல ஸ்பீக்கர் ஜோடி பரணில் இருந்தது. அதைப் பாட வைக்க வேண்டும் என்று சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு கடைக்குப் போனேன். ஸ்டீரியோ போர்டு, 24-0-24 5 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர், கண்டென்சர், ஹீட் சிங்க் எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். போர்டில் சேனலுக்கு ஒரு ஜோடி 5200, 1943. ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களின் நம்பர் இவை. "தோஷிபா ஒரிஜினல் சார், சேனலுக்கு 200 வாட்" என்றார் கடைக்காரர். பில் கேட்டதற்கு, துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

அந்த 200 வாட்டிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். 24 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினால் பிளஸ், மைனஸ் என்று ஒவ்வொரு பக்கமும் சுமார் 33 வோல்ட் வரும். அதை வைத்து 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட், மிஞ்சிப் போனால் 60 வாட்தான் கொடுக்க முடியும். யார் கட்டினாலும் கணக்கு இதுதான்.

முதல் தடவை சீரிஸ் பல்பு போட்டுத்தான் கரண்ட் கொடுத்தேன், அதாவது மெயின் லைனில் தொடராக ஒரு குண்டு பல்பு; உள்ளே ஷார்ட் இருந்தால் அது விடாமல் எரியும். பல்பு ஒரு நொடி எரிந்து அடங்கியது. ஸ்பீக்கருக்குப் போகக் கூடாத டிசியும் அவுட்புட்டில் 20 மில்லிவோல்ட்டைத் தாண்டவில்லை. சரி என்று ஸ்பீக்கரை மாட்டினேன். இரண்டு நாள் குறைந்த சத்தத்தில் அருமையாகப் பாடியது. மூன்றாம் நாள் வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றி இருபது நிமிடம் இருக்கும், இடது பெட்டியில் 'டப்' என்று ஒரு சத்தம். கோன் முன்னால் தள்ளி அப்படியே நின்றுவிட்டது. நான் ஓடிப்போய் சுவிட்சை அணைப்பதற்குள் வார்னிஷ் கருகும் வாடை வீடு முழுக்க வந்துவிட்டது.

5200 ஷார்ட் ஆகி, 33 வோல்ட் டிசி அப்படியே ஸ்பீக்கருக்குப் போயிருக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கரின் கோனை அசைக்கும் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, மீட்டரில் பார்த்தால் 6 ஓம்தான் காட்டும். அதாவது ஐந்தரை ஆம்ப், ஏறக்குறைய 180 வாட் சூடு. நான் போட்டிருந்த 5 ஆம்ப் ஃபியூஸ் இதற்கு உடனே போகாது. காயில்தான் முந்திக்கொள்ளும்.

போன டிரான்சிஸ்டரைக் கழற்றி, தின்னர் தொட்ட பஞ்சால் தேய்த்தேன். தோஷிபா என்ற எழுத்து பஞ்சோடு வந்துவிட்டது. அப்புறம் கட்டிங் பிளையரால் பிளந்தேன். பழைய செட் ஒன்றில் எரிந்துபோன அசல் 5200 என்னிடம் இருந்தது, அதையும் பிளந்து பக்கத்தில் வைத்தேன். அசலில் சிலிக்கான் துண்டு சுண்டுவிரல் நகம் அளவுக்கு அகலமாக இருக்கிறது. இவர் கொடுத்ததில் ஒரு மிளகு அளவுகூட இல்லை. 230 வோல்ட், 15 ஆம்ப், 150 வாட் தாங்கவேண்டிய பொருள் இது! டிரான்ஸ்ஃபார்மர் கம்பியையும் பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாக அலுமினியம்.

கடைக்கு எடுத்துப் போனேன். "நீங்க மைக்கா சரியா வெச்சிருக்க மாட்டீங்க, ஷார்ட் ஆயிருக்கும். எலக்ட்ரானிக்ஸ் ஐட்டத்துக்கு கேரண்டி கிடையாது" என்றார். டிரான்சிஸ்டர் ஹீட் சிங்க்கில் ஷார்ட் ஆகாமல் இடையில் வைக்கும் மைக்கா தகடு, சூடு கடத்தும் பேஸ்ட் எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தேன், போட்டோவும் காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பில் இல்லாததால் மேலே எங்கும் போகவும் வழியில்லை. அதே தெருவில் நேர்மையான கடைகளும் உண்டு, எல்லோரையும் சொல்லவில்லை.

போர்டு வாங்கினால் அதில் வரும் அவுட்புட் டிரான்சிஸ்டரை நம்பாதீர்கள். கழற்றிவிட்டு, அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் ஜிஎஸ்டி பில்லோடு வாங்கிப் போடுங்கள். எழுத்து அழியவில்லை என்பதாலேயே அசல் என்று முடிவு செய்யாதீர்கள், லேசரில் எழுதிய போலியும் வருகிறது. சீரிஸ் பல்பு சோதனை வயரிங் தப்பைக் காட்டுமே தவிர, லோடில் தாங்குமா என்று காட்டாது. எல்லாவற்றுக்கும் முன்னால், அவுட்புட்டில் டிசி வந்தால் ஸ்பீக்கரைத் துண்டித்துவிடும், ரிலே வைத்த ஸ்பீக்கர் புரொடக்‌ஷன் போர்டு ஒன்றைச் சேருங்கள். அது மட்டும் இருந்திருந்தால் அப்பாவின் ஸ்பீக்கர் தப்பியிருக்கும்.

இடது ஸ்பீக்கரை ரீகோன் செய்ய, அதாவது கோனும் காயிலும் புதிதாக மாற்ற, கொடுத்திருக்கிறேன். பில்லோடு வாங்கிய ஜோடியைப் போட்டு, ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் லோடில் நேற்று ஒரு மணி நேரம் ஓட்டினேன். ஹீட் சிங்க்கைத் தொட்டால் சூடு தெரிகிறது, ஆனால் கையை எடுக்க வேண்டியிருக்கவில்லை.